பக்கத்தில் ஆள் இருக்கும் இடத்தில் எந்த ஹெட்போன்?

ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "சவுண்ட் எப்படி?" என்பதைத்தான். தனி அறையில் இருப்பவருக்கு அந்த ஒரு கேள்வி போதும். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் படம் பார்க்கிற அறையிலும், கை நீட்டினால் அடுத்தவர் நாற்காலி தட்டுப்படுகிற அலுவலகத்திலும் அதற்கு முன்பே தீர்க்க வேண்டியவை இரண்டு. நான் கேட்பது எவ்வளவு வெளியே போகும்? வெளியே நடப்பது எவ்வளவு என் காதுக்குள் வரும்?

இரண்டும் ஒரே விஷயம் போலத் தோன்றினாலும் வேறு வேறு. பலர் ஏமாறுவதும் இங்கேதான். பெட்டியின் மேல் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று போட்டிருந்தால், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வசதி வெளி இரைச்சலை உங்கள் காதுக்குள் குறைப்பதற்கு. உங்கள் பாட்டு வெளியே போகாமல் தடுப்பது அதன் வேலையே இல்லை. அதைத் தடுப்பது ஹெட்போனின் உடலமைப்பும், அது காதோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதும்தான். விலையைவிட, பிராண்டைவிட, இந்தப் பொருத்தம்தான் பெரிய விஷயம்.

வெளியே போகும் சத்தம்

ஹெட்போனுக்குள் ஒரு மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்கம் எழும் ஒலி காதுக்குப் போகிறது. பின்பக்கமும் அதே அளவு ஒலி எழும். அதை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஹெட்போன்கள் இரண்டு குடும்பமாகப் பிரிகின்றன.

பின்பக்கத்தைக் கிண்ணம் போல மூடிவிட்டால் க்ளோஸ்டு பேக். மூடாமல் வலை மட்டும் வைத்து வெளியே விட்டுவிட்டால் ஓப்பன் பேக். 1968-இல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற மாடலைக் கொண்டுவந்தது. கடைக்கு வந்த முதல் ஓப்பன் பேக் ஹெட்போன் அதுதான். உள்ளே ஒலி மோதித் திரும்பாததால் இசை இயல்பாக, தலைக்கு வெளியே ஒலிப்பது போல இருக்கும். இசைப் பிரியர்கள் இதைத் தூக்கிவைத்துப் பேசுவதில் நியாயம் உண்டு. ஆனால் அமைதியான அறையில் நீங்கள் கேட்கும் பாட்டின் வரிகள்கூட அடுத்தவருக்குப் புரியும். எனவே பகிர்ந்து வாழும் இடத்துக்கு ஓப்பன் பேக் வேண்டவே வேண்டாம். 'செமி ஓப்பன்' என்று விற்பதையும் நம் தேவைக்கு ஓப்பன் கணக்கிலேயே சேர்த்துவிடலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. காதை முழுதாகச் சுற்றி மூடும் ஹெட்போன் வேறு, காது மடலின் மேலேயே உட்காரும் சின்ன ஹெட்போன் வேறு. இரண்டாவது வகையில் குஷனுக்கும் மடலின் மேடுபள்ளங்களுக்கும் நடுவே சந்து இருந்துகொண்டே இருக்கும். பின்பக்கம் மூடியிருந்தாலும் அந்தச் சந்து வழியே சத்தம் கசியும். ரப்பர் முனை இல்லாமல் காது வாசலில் சும்மா தொங்கும் இயர்போன்களும் அப்படித்தான். காதுக் குழாய்க்குள் ரப்பர் முனையோடு போய் அடைத்துக்கொள்ளும் வகைதான் மிகக் குறைவாகக் கசியும்.

பேருந்திலோ ரயிலிலோ பக்கத்து ஆளின் இயர்போனிலிருந்து வெறும் "ச்சிக்... ச்சிக்..." மட்டும் கேட்டிருக்கும். டிரம்ஸ் அடி கேட்காது, பாடகர் குரலும் அவ்வளவாகக் கேட்காது. இதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன சவ்வின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. திறந்த வெளிக்கு வந்ததும் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மெல்லிய தாழ்ந்த ஒலியை நம் காதும் சரியாகப் பிடிப்பதில்லை. மிஞ்சுவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டுகளின் கீச்சு ஒலி மட்டும். எரிச்சலூட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

கசிவு பிரச்சினையா இல்லையா என்பதைச் சுற்றியிருக்கும் சத்தமும் தீர்மானிக்கிறது. சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல் இருக்கும். தூங்கும் அறையில் தொடர் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வழிகாட்டுதல் ஒன்று. பகலில் நாலு பேர் பேசும் இடத்தில் யாரும் கவனிக்காத ஹெட்போன், ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தெளிவாகக் கேட்கிறதென்றால் ஹெட்போன் மாறவில்லை, அறை மாறிவிட்டது. அதனால் சோதித்துப் பார்ப்பதென்றால் ராத்திரியில் பாருங்கள். நீங்கள் வழக்கமாக வைக்கும் ஒலி அளவில் இன்னொருவர் மாட்டிக்கொள்ளட்டும். நீங்கள் கட்டிலுக்குக் கட்டில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு "ஐயோ, இவ்வளவு சத்தமா!" என்று பயப்படுவதில் அர்த்தமில்லை. தலையில் இல்லாதபோது எந்த ஹெட்போனும் கசியத்தான் செய்யும்.

உள்ளே வரும் சத்தம்

இங்கே இரண்டு வழிகள் வேலை செய்கின்றன. ஒன்று, வெறும் தடுப்பு: கனமான குஷன், காதை அடைக்கும் ரப்பர் அல்லது ஃபோம் முனை. பேட்டரி தேவையில்லை. இன்னொன்று மின்னணு வழி, அதாவது நாய்ஸ் கேன்சலிங். ஹெட்போனில் இருக்கும் குட்டி மைக் வெளி ஒலியைப் பிடிக்கிறது. அந்த அலைக்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உருவாக்குகிறது. ஒன்று ஏறும் இடத்தில் மற்றொன்று இறங்குவதால் இரண்டும் சேர்ந்து அடங்கிவிடும்.

யோசனை புதிதல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவருக்கு 1936-லேயே இதற்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அன்றைய மின்னணுவியலால் அதை ஹெட்போனுக்குள் அடக்க முடியவில்லை. 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலைத் தவிர எதுவும் உருப்படியாகக் கேட்காததால், போஸ் ஆடியோ நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் விமானத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டைக் கொண்டுவந்தது. இந்தக் கதையில் நமக்கு வேண்டிய குறிப்பு ஒன்று இருக்கிறது: இந்தத் தொழில்நுட்பம் பிறந்தது இன்ஜினை அடக்க. மனிதப் பேச்சை அடக்க இல்லை.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அவ்வளவு நீளமான அலை காது அருகே மெதுவாகவே மாறும். எதிர் அலையை நேரத்துக்குச் சரியாக அனுப்ப ஹெட்போனுக்கு அவகாசம் கிடைக்கிறது. 1000 ஹெர்ட்ஸுக்குப் போனால் அலைநீளம் 34 சென்டிமீட்டர், 5000 ஹெர்ட்ஸில் 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. மைக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியே அங்கே பெரிய தூரம் ஆகிவிடுகிறது. கொஞ்சம் தவறினாலும் எதிர் அலை சத்தத்தை அழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். அதனால்தான் சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் நாய்ஸ் கேன்சலிங் தளர்ந்துபோகிறது. அதற்கு மேல் காப்பாற்றுவது குஷனும் ரப்பரும்தான்.

இப்போது நம் அறைக்கு வருவோம். ஏசி, மின்விசிறி, ஃப்ரிட்ஜ், தூரத்து வாகன இரைச்சல் எல்லாம் தாழ்ந்த, ஒரே சீரான ஒலிகள். நாய்ஸ் கேன்சலிங் சுவிட்சைப் போட்டதும் மாயமாக மறையும். பேச்சு அப்படியில்லை. குரலின் அடிநாதம் தாழ்ந்ததுதான். ஆனால் பேச்சுக்குத் தெளிவைக் கொடுக்கும் ச, த, க போன்ற மெய்யொலிகள் மேல் ஸ்தாயியில் இருக்கின்றன. அவை தப்பித்து உள்ளே வந்துவிடும். அதுவும் போக, இதுவரை அந்தப் பேச்சை மூடிக்கொண்டிருந்த ஏசி இரைச்சல் போய்விட்டதால், பக்கத்து மேசைக்காரர் தன் மாமியாரைப் பற்றிப் பேசுவது முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். நிறையப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் மனம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பேச்சுதான் உங்கள் தொல்லை என்றால் நாய்ஸ் கேன்சலிங்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நன்றாக அடைக்கும் ஃபோம் முனை போட்ட இயர்போன், நாய்ஸ் கேன்சலிங்கே இல்லாமல், பேச்சை அதிகம் குறைக்கலாம். இரண்டும் சேர்ந்த கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. மிச்சமிருக்கும் பேச்சை மழைச் சத்தம், பிங்க் நாய்ஸ் போன்ற சீரான ஒலியை மெல்லிசாக ஓடவிட்டு மூடிவிடலாம். மனதைக் கலைப்பது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, நொடிக்கு நொடி அது மாறுவதும், அதில் சொற்கள் புரிவதும்தான். சொற்கள் குழம்பிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. இதே காரணத்தால், படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ கேட்பதற்குப் பாடல் வரி இல்லாத இசை நல்லது.

பொருத்தம் என்னும் பெரிய விஷயம்

மூடிய ஜன்னலில் விரல் அகலச் சந்து விட்டால் தெருச்சத்தம் எப்படி வருமோ அப்படித்தான் காதுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே இருக்கும் சந்தும். பெரும்பகுதி மூடியிருப்பது கணக்கில்லை. திறந்திருக்கும் துளிதான் கணக்கு.

சோதிக்க எளிய வழி உண்டு. தாழ்ந்த ஒலி நிறைந்த ஒரு பாட்டைப் போடுங்கள். ஹெட்போனை இரு கையாலும் மெதுவாகக் காதோடு அழுத்துங்கள். பாஸ், அதாவது அந்தத் தாழ்ந்த ஒலி, சட்டென்று கூடினால், அழுத்துவதற்கு முன் எங்கோ சந்து இருந்தது என்று பொருள். கண்ணாடி போடுபவர்களுக்கு அந்தச் சந்து பெரும்பாலும் கண்ணாடிக் காம்புக்கு மேலும் கீழும் இருக்கும். தடித்த, மெத்தென்ற குஷன் உள்ள ஹெட்போன் காம்பைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும். விறைப்பான குஷன் காம்பைக் காதுக்குப் பின்னால் அழுத்தி ஒரு மணி நேரத்தில் வலியைத்தான் கொடுக்கும். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் ஹெட்போனைப் போட்டுப் பார்க்க வேண்டும். கூந்தல், கம்மல், தோடு, தலைத்துணி எல்லாவற்றுக்கும் இதே விதி.

காதுக்குள் போகும் வகை என்றால் கூடவே வரும் முனைகளைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர அளவோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வலது காதும் இடது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒன்றுக்கு நடுத்தரம், இன்னொன்றுக்குப் பெரிது சரியாக அமையலாம். ஃபோம் முனைக்குத் தனிப் பக்குவம் உண்டு. விரலால் உருட்டி மெல்லிய திரி போல ஆக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரிந்து நிறையும்வரை விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். சரியாக அமர்ந்தால் உங்கள் குரலே பீப்பாய்க்குள் பேசுவது போலக் கனத்து ஒலிக்கும். நடந்தால் காலடி ஓசை தலைக்குள் தட்டும். ஏதாவது மென்றால் கேட்கவே வேண்டாம். சிலருக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. அவர்கள் காதைச் சுற்றி மூடும் வகைக்குப் போவதே நல்லது.

ஒன்றும் கேட்காமல் இருப்பதும் சரியா?

வீட்டில் குழந்தை இருக்கலாம், வயதானவர் கூப்பிடலாம், வாசல் மணி அடிக்கலாம். அலுவலகத்தில் யாராவது பின்னாலிருந்து தோளைத் தட்டியதும் தூக்கிவாரிப்போடும். இதற்காகத்தான் பல ஹெட்போன்களில் வெளி ஒலியை மைக் வழியாக உள்ளே விடும் டிரான்ஸ்பரன்சி மோடு வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணத்துக்கும் வயதாகிவிட்டது. 1979-இல் வந்த சோனியின் முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் செருக இடம் இருந்தது. 'ஹாட்லைன்' என்ற ஆரஞ்சுப் பொத்தானை அழுத்தினால் பாட்டு தணிந்து, மைக் வழியாக எதிரில் இருப்பவரின் பேச்சு கேட்கும்.

காதையே அடைக்காத கருவிகளும் இப்போது நிறைய. கன்னத்து எலும்பு வழியாக அதிர்வை அனுப்பும் போன் கண்டக்‌ஷன் வகை, காது மடலில் கிளிப் போல மாட்டும் வகை. குழந்தையைக் கவனித்துக்கொண்டே எதையாவது கேட்க இவை அருமை. ஆனால் இவை வெளிச் சத்தத்தைத் துளியும் தடுப்பதில்லை. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள், கூட்டினால் கசியும். போன் கண்டக்‌ஷன் எலும்பைத்தான் அதிர வைக்கிறது, அடுத்தவருக்குக் கேட்காது என்று நினைக்க வேண்டாம். அதன் உடல் அதிரும்போது பக்கத்துக் காற்றும் சேர்ந்தே அதிர்கிறது. பகலில், மெல்லிய ஒலியில், பேச்சு நிகழ்ச்சிகள் கேட்க என்றால் வாங்கலாம். ராத்திரி இன்னொருவர் தூங்கும் அறையில் எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை.

உங்கள் குரலும் சத்தம்தான்

ஹெட்போன் பற்றிய பேச்சில் விட்டுப்போவது இது. அலுவலகத்தில் பக்கத்தில் இருப்பவரை அதிகம் படுத்துவது உங்கள் ஹெட்போனின் கசிவு அல்ல, மீட்டிங்கில் பேசும் உங்கள் வாய். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காதபோது மனிதன் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டுகிறான். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911-இல் இதைக் கவனித்துச் சொன்னார். இரைச்சலில் குரல் உயர்வதை இன்றும் லொம்பார்ட் விளைவு என்கிறோம். இரு காதையும் இறுக்கி மூடி, நாய்ஸ் கேன்சலிங்கையும் போட்டுக்கொண்டு பேசுபவர் தளம் முழுக்கக் கேட்கும்படி பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து இருக்கிறது. பேசுபவரின் குரலைக் கொஞ்சமாக அவர் காதுக்கே திருப்பிக் கொடுப்பதை சைடுடோன் என்பார்கள். பழைய கம்பித் தொலைபேசியில் இது தானாகவே இருந்தது. பல ஹெட்செட்டுகளின் செயலியில் இதற்கு அமைப்பு உண்டு. இல்லாவிட்டால் பேசும்போது மட்டும் டிரான்ஸ்பரன்சி மோடைப் போடலாம், அல்லது ஒரு காதைத் திறந்துவிடலாம். நாள் முழுக்கப் பேசுவதுதான் வேலை என்றால் வாயருகே நீளும் மைக் தண்டு உள்ள ஹெட்செட்தான் சரி. மைக் வாய்க்கு அருகில் இருந்தால் மெதுவாகப் பேசினாலே போதும், அறைச் சத்தமும் குறைவாகப் போகும். பெட்டியில் 'மைக் நாய்ஸ் கேன்சலிங்' என்று இருந்தால் அது எதிர்முனையில் கேட்பவருக்கான வசதி. உங்கள் காதுக்கு எதையும் செய்யாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒலி அளவு

நல்ல தடுப்புக்குக் காசு செலவழிப்பதில் பக்கத்தில் இருப்பவரைவிட உங்கள் காதுக்குத்தான் ஆதாயம் அதிகம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதை உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி; 90-க்குப் போனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் அதற்கு மேலே தூக்கித்தான் பாட்டை வைப்போம், அது இயல்பு. இரைச்சலைக் குறைத்துவிட்டால் பாட்டைக் குறைவாக வைத்தாலே தெளிவாகக் கேட்கும், கசிவும் கூடவே குறையும்.

சரி, எதை வாங்குவது?

அலுவலகத்தில் நீண்ட நேரம் உட்காருபவருக்கு காதைச் சுற்றி மூடும் க்ளோஸ்டு பேக், கையில் பணம் இருந்தால் நாய்ஸ் கேன்சலிங்கோடு. கணினி, போன் இரண்டோடும் ஒரே நேரத்தில் இணையும் மல்டிபாயின்ட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளுக்குப் பத்துமுறை இணைப்பை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். வேர்க்கும் இடம் என்றால் தோல் போன்ற குஷனைவிடத் துணிக் குஷன் காதுக்குச் சுகம், ஆனால் துணி சத்தத்தைக் கொஞ்சம் விட்டுவிடும்.

பகிர்ந்த அறையில் ராத்திரி கேட்க, ரப்பர் அல்லது ஃபோம் முனை உள்ள இயர்போன். விலை மலிவான ஒயர் உள்ளதே போதும். ஒருக்களித்துப் படுப்பவர் காதுக்கு வெளியே துருத்தாத சின்ன உடல் கொண்டதாகப் பார்க்க வேண்டும். ஒயரில் இன்னொரு நிம்மதி, ப்ளூடூத் இணைந்துவிட்டது என்று நினைத்து பிளே அழுத்த, லேப்டாப் ஸ்பீக்கர் அறையையே எழுப்பிவிடும் விபத்து நேராது. ப்ளூடூத்தான் வேண்டும் என்றால் ராத்திரி முதல் வேலையாக லேப்டாப்பின் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, ஹெட்போன் இணைந்த பிறகு ஏற்றுங்கள்.

குஷனும் முனைகளும் தேயும் பொருட்கள் என்பதை வாங்கும்போதே நினைவில் வையுங்கள். மேல்தோல் உரிந்து, உள் பஞ்சு தட்டையானால் பொருத்தம் போய்விடும். பாஸ் குறையும், கசிவு கூடும், "ஹெட்போன் பழசாகிவிட்டது" என்று தோன்றும். பெரும்பாலும் பழசானது குஷன் மட்டும்தான். அந்த மாடலுக்குக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா, கழற்றி மாட்ட முடிகிறதா என்று பார்த்து வாங்கினால், புது ஹெட்போனுக்குப் போக வேண்டிய பணத்தில் சின்னப் பங்கோடு வேலை முடிந்துவிடும்.